தேங்காய் உடைக்க முன்னம் பற்றரியைப் பாருங்கோ

பழைய கரண்ட் கார் வாங்கப் போற ஆக்களுக்கு முன்னால போய் நிண்டு "உது வேண்டாம்" எண்டு சொல்லுறதுதான் என்ர தொழில். கிளிநொச்சியில கார் வயறிங் வேலை செய்துகொண்டிருந்தனான். கரண்ட் கார் வரத் தொடங்கின பிறகு ஒரு சின்ன மெஷினை வாங்கி, பற்றரி பார்க்கப் பழகினன். நல்ல செய்தி சொல்லுற நாள் குறைவு. பழைய கார் வாங்கி நொந்த சனங்களே, உங்களுக்கு நான் சொல்லுறது விளங்கும். மிச்ச ஆக்கள் இப்ப சிரியுங்கோ, உங்கட முறையும் வரும்.

ரீச்சர் கேட்ட கார்

முரசுமோட்டையில ஒரு ரீச்சர், பென்சன் எடுத்தவா. அவாவின்ர மனிசனுக்கு ரெண்டு கிட்னியும் ஏலாது. வாரத்தில மூண்டு நாள் யாழ்ப்பாணம் போய் மெஷினில இரத்தம் சுத்தம் செய்யவேணும். பஸ்ஸிலதான் போய் வருவினம். ஒருநாள் திரும்பி வரேக்க பரந்தன் சந்தியில மனிசன் அப்பிடியே சுருண்டு விழுந்திட்டார். அண்டைக்கு எடுத்த முடிவுதான் கார். பெற்றோல் அடிச்சுக் கட்டாது, வீட்டுக் கூரையில சோலார் இருக்கு, அதால கரண்ட் கார். அறுபது வயசில கார் ஓடப் பழகி லைசன்சும் எடுத்திட்டா. என்ன மனிசி பாருங்கோ!

போய் வர நூற்றி முப்பது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். அங்க நிண்டு சார்ஜ் ஏத்திக்கொண்டு வரலாம்தானே எண்டு கேட்டன். மெஷினில இருந்து இறங்கினா அவருக்கு உடம்பு நடுங்குமாம், நேர வீட்டை வந்து படுக்கவேணுமாம். தேத்தண்ணியைக் கையில தந்துபோட்டு ரீச்சர் சொன்னா: "தம்பி, எனக்கு வடிவான கார் வேண்டாம். அவரைக் கொண்டு போய், திருப்பிக் கொண்டு வாற கார் வேணும்."

ஓமந்தையில நிண்ட வெள்ளைக் கார்

அடுத்த கிழமை ஓமந்தையில கார் வாங்கப் போற ஒரு பேக்கரிக்காரர் கூப்பிட்டார். வெள்ளைக் கார், பக்கத்தில புரோக்கர். உள்ளுக்கு ஏறிப் பார்த்தா பன்னிரண்டு கோடும் எரியுது. இந்தக் காருகளில பற்றரியின்ர ஆயுளைப் பன்னிரண்டு கோட்டிலதான் காட்டும். பற்றரி கிழவனாக ஒவ்வொரு கோடாக் குறையும். எங்கட வெயிலுக்கு இன்னும் கெதியாக் குறையும். இவ்வளவு பழைய காருக்குப் பன்னிரண்டும் எரிஞ்சா அதில ஏதோ கள்ளம் இருக்கு.

மெஷினைக் காரில கொழுவினன். பற்றரியில பாதி உயிர் கூட இல்லை. பற்றரியின்ர கொம்பியூட்டருக்கு இருக்கிற ஞாபகத்தை அழிச்சு விட்டிருக்கிறாங்கள். பிறகு அது ரெண்டு மூண்டு கிழமைக்குத் தன்னைப் புதுசெண்டு நினைச்சுக்கொண்டு பன்னிரண்டு கோடும் காட்டும். அதுக்கிடையில காரின்ர புத்தகம் உங்கட பேருக்கு மாறியிருக்கும். முன்னால சார்ஜ் ஏத்துற மூடியைத் திறந்தன். ஒரு ஓட்டை கருகிப் போய்க் கிடக்கு, உள்ளுக்குக் காய்ஞ்ச சந்தனம்! ஆரோ ஒரு புண்ணியவான் பூசையண்டு அதுக்குள்ளயே பொட்டு வைச்சுப்போட்டுச் சார்ஜ் போட்டிருக்கிறார். பேக்கரிக்காரர் கொண்டுவந்த காசைத் திருப்பிப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு நடந்திட்டார். புரோக்கருக்கு வெக்கம் எண்டது மருந்துக்கும் இல்லை. என்ர மெஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துப்போட்டுச் சொன்னான்: "உங்கட சாமான் பழசாப் போச்சண்ணை, முதல்ல இதை மாத்துங்கோ."

பூவரசங்குளத்தில அதே கார்

எங்கட ஆக்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு. வாகனம் வாங்கினால் ரயருக்குக் கீழ தேசிக்காய், பிறகு நேர றோட்டோரத்தில இருக்கிற முறிகண்டிப் பிள்ளையார் கோயில், அங்க ஒரு தேங்காய். அதுக்குப் பிறகுதான் என்னைக் கூப்பிடுவினம். பூவரசங்குளத்துக் கோழிப்பண்ணைக்காரரும் அப்பிடித்தான் செய்தவர். போகேக்க கார் நல்லாத்தான் ஓடினதாம். தேங்காய் உடைச்சுத் திரும்பி வரேக்க பாதி வழியில நிண்டிட்டுது. உழவு மெஷினில கட்டி இழுத்துக்கொண்டு வந்து போட்டிருந்தினம்.

நான் போய்ப் பார்க்கிறன், அதே வெள்ளைக் கார்! புது சீற் கவர் போட்டிருக்கு, சந்தனம் மட்டும் அந்த ஓட்டைக்குள்ள அப்பிடியே இருக்கு. எனக்கு விசர் வந்திட்டுது. "அண்ணை, முதலே எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே" எண்டு கேட்டன். மனிசன் என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "நல்ல காரியத்துக்குப் போகேக்க உம்மைப் போல ஆளை ஆரும் கூட்டிக்கொண்டு போவினமோ?"

கைவிட்டுப் போன நீலக் கார்

ரீச்சருக்கெண்டு நான் தேடாத இடமில்லை. கடைசியா வவுனியாவில ஒரு நீலக் கார் ஆப்பிட்டுது. ஏசியைப் போட்டு நானே ஓடிப் பார்த்தன். ஒருக்காச் சார்ஜ் ஏத்தினதுக்கு நூற்றி அறுபது கிலோமீற்றர் ஓடிச்சுது. சார்ஜ் ஏத்துற ஓட்டையெல்லாம் துப்பரவு. இப்பிடி ஒண்டைக் கண்டு எத்தினை நாளாச்சு! ரீச்சருக்குக் கோல் எடுத்து "இண்டைக்கே வாங்கோ" எண்டன். இண்டைக்கு அட்டமி, நாளையிண்டைக்கு வாறன் எண்டு சொன்னா. அடுத்த நாள் விடியவே வேற ஆள் வந்து காரைக் கொண்டு போட்டான்.

எனக்குக் கோவம் வந்தால் வாய் நிக்காது. "கிட்னிக்கு அட்டமி தெரியுமோ ரீச்சர்?" எண்டு போனில கத்திப்போட்டன். அந்தச் சொல்லை இண்டைக்கு நினைச்சாலும் என்ர வாயில நானே அடிக்கலாம் போல கிடக்கு. அவா ஆறுதலாத்தான் சொன்னா: "எனக்கெண்டு நான் நாள் பார்க்கேல்லைத் தம்பி. அவருக்கு ஒண்டும் பிழைக்கக்கூடாதெண்டுதான் பார்த்தனான்."

முரசுமோட்டையில அதே கார்

அதுக்குப் பிறகு ரெண்டு மாதம் நான் அவாவோட கதைக்கேல்லை. எந்த முகத்தோட கதைக்கிறது? ஒருநாள் அவாவே கோல் எடுத்தா. குரலில அப்பிடி ஒரு சந்தோசம். "கார் வாங்கிட்டம் தம்பி, தேங்காயும் உடைச்சாச்சு, ஒருக்கா வந்து பாருங்கோ." மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினன்.

மாமரத்துக்குக் கீழ வெள்ளைக் கார் நிக்குது. சில்லுக்குப் பக்கத்தில நசிஞ்ச தேசிக்காய். பன்னிரண்டு கோடும் எரியுது. கோழிப்பண்ணைக்காரர் காரை அந்த ஓமந்தைப் புரோக்கரிட்டையே திருப்பித் தள்ளியிருக்கிறார், அவன் இன்னொருக்கா ஞாபகத்தை அழிச்சுப்போட்டு இவாவின்ர தலையில கட்டிவிட்டான். கோதாரி விழுவான். முன் மூடியைத் திறக்க எனக்குக் கை வரேல்லை. திறந்தன். அந்தச் சந்தனம் அங்கதான் இருந்துது.

மெஷினைக் கொழுவிப் பார்த்துப்போட்டு உள்ளதைச் சொன்னன். எழுபது கிலோமீற்றர் ஓடினால் பெரிய விசயம். புரோக்கருக்குக் கோல் எடுத்தால் போன் வேலை செய்யேல்லை. ரீச்சர் கார்த் திறப்பைக் கையில இறுக்கிப் பிடிச்சபடி நிண்டா. "ஏன் ரீச்சர் முதலே என்னைக் கூப்பிடேல்லை?" எண்டு கேட்டன். "கூப்பிட்டா நீங்கள் வேண்டாம் எண்டுவியள். இன்னும் எத்தினை நாளைக்கு அவரைப் பஸ்ஸில ஏத்திறது?" எண்டு சொல்லிப்போட்டு முகத்தை அங்கால திருப்பிக்கொண்டா. இந்தக் காரைப் பற்றி அவாவுக்கு ஒரு சொல்லுச் சொல்லி வைச்சிருக்கலாம். என்ர வெக்கத்தில அதைச் செய்யேல்லை. எனக்கு அழுகை வந்திட்டுது, மூடியைத் துடைக்கிற மாதிரிக் குனிஞ்சுகொண்டன்.

வாசலில கதிரையில இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்த மனிசன் மெல்ல எழும்பி வந்தார். முன் கதவைத் திறந்து ஏறி இருந்து, புது சீற் கவரைக் கையால தடவிப் பார்த்தார். பெல்ற்றையும் போட்டார். பிறகு கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துக் கேட்டார்: "போறதுக்குக் காணும்தானே தம்பி? திரும்பி வாறதைப் பிறகு பார்ப்பம்."

இப்ப முறிகண்டியைத் தாண்டுற நேரமெல்லாம் நானும் இறங்கி ஒரு தேங்காய் உடைக்கிறன், ஆராவது ஒரு ஆள் தன்ர தேங்காயை உடைக்க முன்னம் எனக்கு ஒரு கோல் எடுக்கவேணும் எண்டு.