ஆணியில் தொங்கிய பேட்ஜ்

சின்ன மாமாவின் சட்டையில் குத்தியிருக்கும் அந்த ஃபிலிம் பேட்ஜ் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதன் நெற்றியில் அம்மா வைத்த குங்குமம் இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது. எழுபதுகளில் மாமா வெள்ளானூரில் எங்கள் வீட்டில் தங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குச் சைக்கிளில் போய்வந்தார். இரும்புத் தொட்டிகளின் வெல்டிங்கில் ஓட்டை உண்டா என்று எக்ஸ்ரே மாதிரி கதிர் பாய்ச்சிப் படம் எடுக்கிற வேலை. அவர் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்பதை பேட்ஜுக்குள் இருக்கும் ஃபிலிம் கறுத்துக் காட்டும். அம்மாவுக்கோ அது தாயத்து. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்ததோடு நிற்காமல் வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரமும் காட்டுவாள்.

"அக்கா, இது காப்பாத்தாது. காட்டித்தான் குடுக்கும்" என்று வீடு அதிரச் சிரிப்பார் மாமா.

நசரத்பேட்டையில் அவருக்குப் பெண் நிச்சயமானது; அவள்தான் என் அத்தை. ஃபிலிம் கறுத்தவனுக்குப் பிள்ளை பிறக்காது என்று பட்டறையில் ஒரு பேச்சு. கறுத்தால் வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள். சேதி பெண் வீட்டுக்கும் போய்விடும். அத்தை மேல் உயிரையே வைத்திருந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? கல்யாணம் முடியும்வரை பேட்ஜை எங்கள் வீட்டுச் சாமி படத்தடியில் ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனார். "இன்னாடா, காப்பு இல்லாமப் போறே?" என்று அம்மா கத்துவாள். "நீ பூஜை பண்ணிகினு இரு, அக்கா!" ஒரே மிதி, சைக்கிள் பறக்கும்.

கல்யாணம் ஜோராக நடந்தது. பெண் குழந்தையும் பிறந்தது. அவள் நடக்கப் பழகுவதற்குள் மாமாவுக்கு ஈறில் ரத்தம் கசிந்தது. உடம்பில் ரத்தமே ஊறவில்லை என்றார்கள். கதிர் காரணமா என்று டாக்டர் பேட்ஜ் விவரம் கேட்டு வாங்கினார். எந்த ஃபிலிமிலும் சொல்லும்படி கறுப்பு இல்லை. அப்படியானால் கதிர் இல்லை என்றுவிட்டார். மாமா வாயே திறக்கவில்லை. பாவி மனுஷன்! அவர் போன பிறகுதான் அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஆணி விஷயத்தை அத்தையிடம் சொன்னாள்.

மாமா மகள் இப்போது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கதிர் பட்டுச் செத்த செல்கள் தங்கள் டிஎன்ஏ துணுக்குகளை ரத்தத்தில் உதிர்த்துவிடுமாம். சூட்டோடு சூடாக ரத்தம் எடுத்தால், பட்ட அளவை அதிலிருந்து சொல்ல முடியுமா என்று ஆராய்கிறார்களாம். போன வாரம் அவள் இதை அத்தையிடம் சொன்னாள்.

"ரத்தத்த ஆணில மாட்டிட்டுப் போக முடியாதுல்ல" என்றாள் அத்தை.

எனக்கு அந்த பேட்ஜ் மேல் மட்டும் கோபமே வரவில்லை. அது பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கற்பூரப் புகையைத் தவிர வேறொன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறது.