ஸ்டெப்னியில் வந்த காற்று

காற்றடைத்த ஸ்கூட்டர் ஸ்டெப்னி ஒன்றைக் கையில் பிடித்தபடி மின்சார ரயிலில் போனால் அதற்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டுமா? முப்பத்து நான்கு வருடம் ரயில்வேயில் சரக்குக் கட்டண விதிகளோடு குடித்தனம் நடத்தியவள் என்பதால் இன்று என்னால் உடனே பதில் சொல்ல முடியும். வேண்டாம். எடை வரம்புக்குள்தான் இருக்கிறது. ஒன்பது வயதில் இது எனக்குத் தெரியாது. குர்லாவில் ஏறி சயானில் இறங்கும்வரை, அதாவது ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம், அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்துகொண்டே நின்றிருந்தேன்.

பயந்ததுபோலவே டிக்கெட் பரிசோதகர் வந்தார். சக்கரத்தைக் காட்டி, "யே க்யா ஹை?" என்றார். இது என்ன?

"ஹவா, சாப்" என்றார் அப்பா. காற்று.

அவர் டயரைத் தட்டிப் பார்த்தார். ஊர் முழுக்கச் சும்மா கிடைப்பதைக் குர்லாவிலிருந்தா சுமந்துகொண்டு வருகிறாய் என்று இந்தியில் கேட்டார். பெட்டியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அம்பர்நாத்தில் இரும்பு அலமாரி செய்யும் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் ஸ்ப்ரே பெயிண்டராக இருந்தவர் அப்பா. அந்த வருடம் அதைப் பூட்டிவிட்டார்கள். தாராவியில் எங்களுக்கு ஓர் அறை வீடு. அதில் பகல் முழுதும் ஓர் ஆண்பிள்ளை உட்கார்ந்திருப்பது வீட்டில் இருந்த எல்லோருக்கும் புதிதாக இருந்தது, அவருக்கும்தான்.

அம்மாவின் தம்பி, என் மாமா, சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். அந்தத் தடவை கரைக்கு வந்தபோது எங்களுக்காக இரண்டு பொருள் கொண்டுவந்திருந்தார். ஒன்று, மஸ்கட்டில் ஒரு கம்பெனிக்குப் பெயிண்டர் தேவைப்படுகிறது என்ற செய்தி. அடுத்த திங்கட்கிழமை ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, ஜப்பானில் வாங்கிய ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் பேனா பருமனில் ஒரு பெயிண்ட் துப்பாக்கி, விரல்நுனி அளவுக் கிண்ணங்கள், டயர் வால்வில் மாட்டும்படி முனை வைத்த ரப்பர் குழாய். இதையெல்லாம் வைத்து வர்ணம் அடித்துப் பழகுவதற்குத் துண்டு துண்டாக ஒரு பிளாஸ்டிக் விமானமும் இருந்தது. துண்டுகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக ஒடித்தெடுத்துப் பசை வைத்து இரண்டே நாளில் விமானத்தை ஒட்டி முடித்தேன். கடையில் வாங்கிய விளையாட்டுப் பொருள் என்று என் கைக்கு வந்தது அதுதான் முதல். மிச்சமான வெறும் சட்டத்தை அம்மா குப்பையில் போட்டாள்.

"மூணே வருசம் அத்தான்" என்றார் மாமா. "கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும்."

"மூணு வருசம் கழிச்சு வந்து நின்னா, நீங்க யாருன்னு எம்பிள்ளையே கேக்கும் மாப்ள" என்றார் அப்பா.

அதனால் அவரே அலைந்து திரிந்து வேறொரு வழி கண்டுபிடித்தார். கட்டப்போகிற கட்டடங்களைச் சின்னதாகப் பிளாஸ்டிக்கில் செய்து பில்டர்களுக்குக் கொடுக்கும் பட்டறை ஒன்று தாதரில் இருந்தது. சின்னத் துப்பாக்கியால் வர்ணம் அடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார் அதன் முதலாளி. துப்பாக்கி இருக்கிறது என்றார் அப்பா. அது உண்மை. பழக்கம் இருக்கிறதா என்று முதலாளி கேட்கவில்லை. பதினான்கு வருடம் என்றதுமே தலையாட்டிவிட்டார். ஒரு சாண் உயரத்தில் வெள்ளையாக ஏழு மாடிக் கட்டடம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, சனிக்கிழமைக்குள் வர்ணம் அடித்துக் கொண்டுவரச் சொன்னார். சுவருக்கு வெண்ணெய் நிறம், பால்கனிகளுக்குக் கீழே நிழல்போல ஒரு மங்கல்.

"சனிக்கிழம இது நல்லபடியா அமைஞ்சிட்டுன்னா நான் எங்கயும் போவ வேண்டாம் பிள்ள" என்று என்னிடம் சொன்னார். அம்மாவிடம் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

துப்பாக்கிக்குக் காற்று வேண்டும். காற்று அடிக்கும் இயந்திரம் வாங்க வழியில்லை. குழாயின் முனையைப் பார்த்ததும் அப்பாவுக்கு ஸ்டெப்னி யோசனை வந்துவிட்டது. அவரோடு வேலை பார்த்த ஒருவர் குர்லாவில் பஞ்சர் கடை போட்டிருந்தார். அவர் தன் ஸ்கூட்டர் ஸ்டெப்னியில் காற்றைத் திணித்துக் கொடுத்தார். அதைத்தான் ரயிலில் கொண்டுவந்தோம்.

வெள்ளிக்கிழமை மதியம். வாசலில் சாக்கு விரித்து, அதன்மேல் கட்டடத்தை வைத்தாயிற்று. பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஒரு தாள் இருந்தது. அப்பா தமிழில் எட்டாவது படித்தவர். நான் இங்கிலீஷ் மீடியம்.

"வாசிட்டி. ஒண்ணு விடாம வாசி" என்றார்.

ஆறு விதிகள் இருந்தன. முதல் விதி, துப்பாக்கியைச் சுத்தம் செய்யச் சொன்னது. இரண்டாவது விதி, முதலில் வேண்டாத பிளாஸ்டிக் ஒன்றில் அடித்துப் பார்க்கச் சொன்னது. நான் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் என்று இருந்தது என் விமானம் மட்டும்தான். தண்ணீர்க் குடம்கூடப் பித்தளை. வேண்டாதது எது என்று பெரியவர்கள் எப்படி முடிவு செய்வார்கள் என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவது விதியை இரண்டு என்று வாசித்தேன். நான்கை மூன்று என்றேன். ஒரு விதியை எடுத்துவிட்டு வரிசை எண்களையும் திருத்திவிடும் கலையைப் பிற்காலத்தில் அலுவலகத்தில் பலர் செய்யப் பார்த்திருக்கிறேன். ஒன்பது வயதில் கற்றுக்கொண்டவர் யாரையும் சந்தித்ததில்லை.

"அவ்வளவுதானா?"

"அஞ்சுதாம்ப்பா."

"இதுக்குப் போயி ஒரு தாளா?" என்று சொல்லிவிட்டு அப்பா, தொழிற்சாலையிலிருந்து எடுத்துவந்து வைத்திருந்த பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். இரும்புக்கு அடிக்கும் பெயிண்ட், அதைக் கரைக்க இரும்புக்குரிய தின்னர். பதினான்கு வருடம் கண்ணை மூடிக்கொண்டு கலந்த கை. துளிகூடச் சிந்தவில்லை.

முதல் வீச்சு பிரமாதமாக விழுந்தது. அம்மாகூட அடுப்பை விட்டு எழுந்து வந்து பார்த்தாள். ஸ்டெப்னி சீறிக்கொண்டிருக்க, அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மாடியாக இறங்கிவந்தார். மூன்றாவது மாடிக்கு வந்தபோது ஏழாவது மாடி பளபளப்பை இழந்தது. பிறகு சுருங்கியது. ஜன்னல் விளிம்புகள் வளைந்து தொங்கின. என்னவென்று பார்க்க அப்பா அதைத் தூக்கினார். அவர் கட்டைவிரல் மொட்டைமாடிக்குள் அமுங்கியது. விரலை எடுத்த பிறகும் ரேகை அப்படியே நின்றது.

அப்பா துப்பாக்கியைக் கீழே வைத்தார். காற்றை நிறுத்த மறந்துவிட்டார். அது தீரும்வரை ஸ்டெப்னி சீறிக்கொண்டே இருந்தது.

"வெயிலுக்கு இளகிட்டோ?" என்றாள் அம்மா.

"வெயிலு என்ன செய்யும். தின்னரு தின்னுட்டு." என் பக்கம் திரும்பினார். "ஏ பிள்ள, இதப் பத்தி அந்தத் தாள்ல ஒண்ணும் போடலயா?"

"இல்லப்பா."

"பொறவு யாரச் சொல்லுதுக்கு" என்றார். தாளை என்னிடமிருந்து வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அதில் எண்கள் இருந்தன. அவருக்கு எண்கள் தெரியும். ஆறுவரை இருந்ததை அவர் பார்த்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வேண்டாத பிளாஸ்டிக் என்றால், துண்டுகளை ஒடித்தெடுத்த பிறகு மிச்சமாகும் அந்த வெறும் சட்டம்தான் என்பது இந்த மாதிரிப் பொம்மைகளில் கொஞ்சமாவது பழகியவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தபோது வயது நாற்பது தாண்டிவிட்டது. விமானத்தை யாரும் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை அப்பா அந்தக் கட்டடத்தைத் துணியில் சுற்றித் தாதருக்குக் கொண்டுபோனார். போகாமலே இருந்திருக்கலாம், ஆனால் பொருள் அவர்களுடையது, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். திரும்பிவந்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "காகா, யே லோஹா நஹீ ஹை, அப்படின்னான்." இது இரும்பு இல்லை, பெரியவரே. முதலாளி திட்டவில்லையாம். திட்டியிருந்தால் தேவலை என்பதுபோல இருந்தது அப்பாவின் முகம்.

திங்கட்கிழமை பாஸ்போர்ட் ஏஜெண்டிடம் போனது. மூன்று வருட ஒப்பந்தம், உரிய முறையில் இரண்டு தடவை நீட்டிக்கப்பட்டது. நடுவில் இரண்டு தடவை விடுப்பில் வந்து போனார். ஒரேயடியாக வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். தண்ணீர் டம்ளர் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டு, வாங்கிக் குடித்து, "தேங்க்ஸ்" என்றார். யாரென்று நான் கேட்கவில்லை. அவர்தான் விருந்தாளியைப்போல நின்றார்.

அதெல்லாம் பிறகு. அவர் கிளம்பிய அன்று காலையில் டாக்சி வைத்து எல்லோரும் விமான நிலையம் போனோம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அம்மா கையை ஆட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கும் சேர்த்து இரண்டு கையையும் ஆட்டினேன். திரும்பும்போது டாக்சியில் ஜன்னலோரம் எனக்குக் கிடைத்தது. போகும்போது அங்கே அப்பா உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை இறக்கிவிட்டேன். "ஏட்டி, தலைய உள்ள இழு" என்றார் மாமா. நான் இழுக்கவில்லை. தாராவி வரும்வரை முகத்தில் காற்று அடித்துக்கொண்டே இருந்தது. இனிமேல் எப்போது டாக்சியில் போனாலும் இந்த இடம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.