நோன்புப் பகலில் மூச்சு

அந்த ரமலானுக்கு முந்தைய வாரம் என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. இரண்டுமே மோசமானவை. என் கணவர் நோன்பு பிடித்தால் பகல் முழுவதும் இன்ஹேலரை வாயில் வைக்க மாட்டார். நோன்பை விட்டால் பகல் முழுவதும் சிகரெட்டை வாயிலிருந்து எடுக்க மாட்டார்.

எங்களுடையது திருவாரூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். நான் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். தொண்ணூறுகளில் அவருடைய நெல் வியாபாரம் படுத்தபோது, தெருவில் மற்ற ஆண்களைப் போல அவரும் சபுர் போனார். வெளிநாட்டுப் பிழைப்புக்கு எங்கள் தெருவில் அதுதான் பேர். வளைகுடாவில் உறைந்த இறைச்சி வைக்கும் குளிர்க்கிடங்கில் வேலை. போகும்போது அவருக்கு சிகரெட் பழக்கம் கிடையாது.

“சிகரெட் பிடிக்கிறவனை மட்டும் கொஞ்ச நேரம் வெளிய விடுவான். பிடிக்காதவன் அந்தக் குளிர்லயே பெட்டி தூக்கணும். நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?” என்று முதல் விடுமுறையில் கேட்டார்.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் கம்பளிக்கும் அத்தருக்கும் நடுவே சிகரெட் கார்ட்டன்கள் இருக்கும். மச்சினன்மாருக்கு, சிற்றப்பாமாருக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று நானே பிரித்துக் கொடுப்பேன். சபுரிலிருந்து வந்தவர் வீட்டில் சிகரெட் தரவில்லை என்றால் தெருவில் பேச்சாகிவிடும். கொடுப்பது மரியாதை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

வேலையை விட்டு ஊரோடு திரும்பி வந்தபோது மூச்சிரைப்பும் கூட வந்தது. முதலில் உழவுப் புழுதி என்றார். அறுவடை மெஷின் தூசி என்றார். பிறகு ரைஸ் மில் கரி என்றார். மேற்குப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தினோம். மாடிப்படி ஏறுவதை விட்டார். சட்டைப் பொத்தான் போடும்போதே நடுவில் நின்று மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் தஞ்சாவூர் டாக்டரிடம் வர ஒப்புக்கொண்டார்.

அங்கே ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். “ஊதுங்க, ஊதுங்க, நிறுத்தாதீங்க, இன்னும் ஊதுங்க” என்று டெஸ்ட் எடுத்த பெண் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தாள். அவர் முகம் சிவந்து பாதியில் நிறுத்திவிட்டார். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, “நுரையீரல்ல போனது திரும்பி வராது. மிச்சத்தைக் காப்பாத்தலாம். அதுக்கு சிகரெட்டை விடணும். மத்ததெல்லாம் அப்புறந்தான்” என்றார்.

எனக்கு அது புதிதல்ல. வருடா வருடம் கரும்பலகையில் நான் வரையும் படம்தான். மூச்சுக்குழாயின் உள்சுவர்ச் செல்களில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் இருக்கின்றன. தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளுவது அவற்றின் வேலை. புகை முதலில் அந்த இழைகளை அசையவிடாமல் செய்கிறது, பிறகு அழிக்கிறது. சளி சுரக்கும் செல்கள் பெருகுகின்றன. தள்ளுவதற்கு ஆளில்லை, சளி தேங்குகிறது. புகையை எதிர்க்க வந்து சேரும் காவல் செல்கள் நொதிகளைக் கக்கி, நுரையீரலின் சொந்தச் சுவரையே கரைக்கின்றன. குட்டிக்குட்டியான காற்றறைகளுக்கு நடுவே உள்ள தடுப்புகள் போய்விடுகின்றன. வெள்ளத்தில் வரப்பெல்லாம் கரைந்து, பல வயல்கள் ஒரே தண்ணீர்ப் பரப்பாக நிற்பதை நாங்கள் ஐப்பசியில் பார்ப்பதுண்டு. அவர் மார்புக்குள் அப்படித்தான் ஆகியிருந்தது. உள்ளே போன காற்றை வெளியே தள்ளும் இழுவிசை அந்த நுரையீரலில் இல்லை. பழைய காற்று அடைத்துக்கொண்டிருக்க, புதுக் காற்றுக்கு இடமில்லை.

இதையெல்லாம் நான் அவருக்குச் சொன்னேன், படம் போட்டும் காட்டினேன்.

“காலையில ஒண்ணு பிடிச்சாத்தான் எனக்குச் சளி எறங்குது, டீச்சரம்மா. உன் புஸ்தகத்துல அது இல்ல போலிருக்கு.”

“அந்தச் சளியைக் கொண்டுவந்ததே அதுதாங்க.”

“அப்ப கொண்டுவந்ததே கொண்டுபோகட்டும்” என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

நோன்பு விஷயத்தில் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனேன். “நோயாளிக்குச் சலுகை இருக்கும்மா. நோன்பை விட்டுட்டு ஏழைக்குச் சாப்பாடு குடுக்கச் சொல்லுங்க” என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். கணவர் மிரட்டலாகப் பேசவில்லை. தன்னை நன்றாகத் தெரிந்தவராகச் சொன்னார்: “நோன்புன்னா பகல்ல சிகரெட்டைத் தொட மாட்டேன். நோன்பில்லேன்னா என்னால முடியாது. உனக்கு எது வேணும், நீயே சொல்லு.”

டாக்டருக்குப் போன் செய்தேன். அன்றாட மருந்தை விடியுமுன் சஹரில் ஒரு முறையும் அந்தியில் மஃரிபுக்குப் பின் ஒரு முறையும் எடுக்கலாம் என்றார். அவசரத்துக்கு உள்ள நீல இன்ஹேலரை மட்டும் நேரம் பார்க்காமல் அடிக்க வேண்டும், நோன்பு முறிந்தாலும் சரி. இதற்குக் கணவரிடம் வாக்கு வாங்கினேன். தலையை ஆட்டினார். நோன்பு பிடியுங்கள் என்றேன்.

முதல் நாட்களில் வீட்டில் புகை வாடை இல்லை. பகல் முழுக்க அவரால் இருக்க முடிந்தது. வைகறை முதல் அந்திவரை இருக்க முடிந்தவருக்கு அந்தியையும் தாண்ட முடியாதா? நோன்பு திறந்து கஞ்சி குடித்ததும் வடை கொடுத்தேன், இஞ்சி டீ கொடுத்தேன், பள்ளிக் கதைகளை இழுத்து இழுத்துப் பேசினேன். அவர் கை சட்டைப் பைக்குப் போவது ஒவ்வொரு நாளும் சற்றுத் தள்ளிப்போயிற்று. நான் நம்பத் தொடங்கினேன்.

ஆற்றில் அந்த வருடம் தண்ணீர் வரவில்லை. ஒரு நாள் மேல்காற்று புழுதியை வாரி அடித்தது. சாயங்கால அசர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வந்தவர், ஒவ்வொரு மின்கம்பத்திலும் சாய்ந்து நின்று வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டார். கழுத்து நரம்புகள் புடைத்தன, உதடு நீலம் பாரித்தது. இன்ஹேலரை வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக மூடிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

“வாக்குக் குடுத்தீங்க. வாயைத் திறங்க.”

மாட்டேன் என்று தலையசைத்தார்.

“அல்லாஹ் உங்களைக் கேக்க மாட்டான். என்னைத்தான் கேப்பான். திறங்க மச்சான்.”

“கொஞ்ச... நேரந்தான்.”

ஆட்டோக்காரருக்குப் போன் செய்தேன். நோன்பு திறந்துவிட்டு வருகிறேன் என்றார். இன்னொருவர் எடுக்கவே இல்லை. கணவரின் தாடையைப் பிடித்துத் திறக்கப் பார்த்தேன். அவ்வளவு தவித்துக்கொண்டிருந்தவருக்கு என் கையைத் தள்ளிவிட மட்டும் பலம் இருந்தது. நோன்பு திறக்கும் பாங்கு கேட்கும்வரை நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். வேறு எதுவும் செய்ய விடவில்லை.

பாங்கு சொன்னதும் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார். பிறகு இன்ஹேலர். சற்று நேரத்தில் உதட்டின் நிறம் கொஞ்சம் திரும்பியது. கஞ்சியைத் தொடவில்லை. கை சட்டைப் பைக்குப் போனது. நான் தடுக்கவில்லை, என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. சிகரெட்டை உதட்டில் வைத்துக் குச்சியை உரசினார். நுனியில் தீ இருந்தது, ஆனால் இழுத்தால்தானே பற்றும். குச்சி விரல்வரை எரிந்தது. இன்னொன்று உரசினார். அதுவும் அப்படியே.

தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார். “இழுக்க முடியல. நீ பத்த வெச்சுக் குடேன்.”

தீப்பெட்டியை வாங்கிக் கஞ்சிக் கிண்ணத்துக்குள் போட்டேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கஞ்சி வீணாப் போச்சே” என்றார்.

ஆட்டோ வந்து திருவாரூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை பற்றாத சிகரெட் அவர் விரல்களுக்கு நடுவில் இருந்தது. அதைப் பிடுங்க எனக்குத் தெம்பில்லை.

அதற்குப் பிறகு அவர் சிகரெட் பிடிக்கவில்லை. விட்டுவிட்டார் என்று சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். இழுக்கும் மூச்சு இல்லை என்பது எனக்கும் அவருக்கும்தான் தெரியும். அடுத்த ரமலானில் நோன்பும் பிடிக்க முடியவில்லை. கூடத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, கரண்டு போனால் மாற்றுச் சிலிண்டரைத் திறக்க நான் ஓடுகிறேன். மஃரிப் பாங்கு சொன்னதும் அவர் கை மட்டும் சட்டைப் பைக்குப் போய்விட்டு வருகிறது. நான் கஞ்சியை ஸ்பூனில் எடுத்து, மெஷின் குழாயை ஒதுக்கிவிட்டு ஊட்டுகிறேன். இரண்டு வாய்க்கு நடுவே மூச்சு வாங்க நேரம் கேட்கிறார். கொடுக்கிறேன்.