ஏழாவது லெவலில் ஒரு வாத்தியார்

சோபாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாயிற்று. டிவியின் பிளக்கை அழுத்திப் பார்த்தாயிற்று. கண்ட்ரோலரைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்கிறார் ராஜசேகரன். மலேசியாவின் குளுவாங்கில் முப்பத்திரண்டு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். வண்டியைச் சுற்றிப் பார்க்காமல் சாவியைத் தொடுகிறவனை அவர் மனிதர்களில் சேர்ப்பதே இல்லை. வண்டி இல்லாமல் வெறும் டிவியாக இருந்தால் என்ன, விதி விதிதானே.

"டயர உதைச்சுப் பாக்கறதுதான் பாக்கி," என்று சமையலறையிலிருந்து குரல் வருகிறது. அவர் மனைவி கிருஷ்ணம்மா.

வீடியோ விளையாட்டின் நாயகன் ஒரு குண்டு மீன். நாற்பது வருடத்துக்கு முன்னால் காசு போட்டு ஆடும் பெட்டிகளில் இங்குமங்கும் நீந்தி முத்துப் பொறுக்கிக்கொண்டிருந்த அதே மீன்தான். இப்போது கம்பெனிக்காரர்கள் அதற்குக் கை, கால், புருவம், ஒரு குடும்பம் எல்லாம் வைத்துக் கரையேற்றிவிட்டார்கள். அது பாறைக்குப் பாறை தாவ வேண்டும், நண்டுகளை மிதிக்க வேண்டும், முத்துகளை அள்ள வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கென்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் லோஷினி, ஓய்வு பெற்ற அப்பா வீட்டில் இருப்பவர் உயிரை வாங்காமல் இருக்கட்டும் என்று போன தீபாவளிக்கு வாங்கி வந்து மாட்டிவிட்டுப் போனாள்.

ராஜசேகரன் அந்த மீனைத் தாவ விடுவதில்லை. ஓட்டிப் போகிறார். ஒவ்வொரு பாறையின் விளிம்பிலும் அதை நிறுத்தி, வலப்பக்கம் பார்க்க வைத்து, இடப்பக்கம் பார்க்க வைத்து, மறுபடி வலப்பக்கம் பார்த்த பிறகே குதிக்க அனுமதி தருகிறார். எதிரே நண்டு வந்தால் ஒதுங்கி வழி விடுகிறார். மிதிக்க வேண்டிய நண்டு அது என்று லோஷினி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"அது மெயின் ரோட்டுல வருதுலா. நாம சின்ன ரோட்டு சிம்பாங்லருந்து போறோம். யாருக்கு ரைட்டு?"

பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கால் தரையில் பதித்த டைலை ஓங்கி மிதிக்கும். வாத்தியார் இருக்கையில் உட்கார்ந்து மாணவனுக்காகப் பிரேக் அடித்தே தேய்ந்த கால், சும்மா இருக்கச் சொன்னால் கேட்குமா. அந்த டைலில் ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. "பழைய வீடு, அப்படித்தான்," என்பது அவருடைய விளக்கம்.

மற்றவர்கள் ஒரு வாரத்தில் முடிக்கிற ஆறு லெவல்களை அவர் இரண்டு மாதத்தில் முடித்தார். அதில் அவருக்குப் பெருமை உண்டு. ஒரு விபத்து இல்லை, ஒரு சம்மன் இல்லை. பிறகு வந்தது ஏழாவது லெவல்.

அங்கே ஒரு மரப்பாலம். காலை வைத்தால் ஒவ்வொரு பலகையாகக் கீழே விழும். நிற்காமல் ஓடிக் கடைசிப் பலகையிலிருந்து தாவினால் அக்கரை. அவ்வளவுதான் விஷயம். ராஜசேகரனோ முதல் பலகையில் ஏறி, நின்று, வலப்பக்கம் பார்ப்பார். மீன் தண்ணீரில் விழும். மீனாகப் பிறந்து தண்ணீரில் விழுந்து சாகிற கொடுமையைப் பற்றிக்கூட அவர் கவலைப்படவில்லை. தன் முறை தவறாக இருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் இன்றுவரை அவர் மண்டையில் ஏறவில்லை.

"என்னா பாலம் கட்டியிருக்கான்? ஒரு சைன்போர்டு இல்ல, ஒரு லைட்டு இல்ல. ஓடிக்கிட்டே குதின்னு யாருலா சொல்லிக் குடுப்பான்?"

கம்பெனிக்கு மலாய் மொழியில் இரண்டு பக்கத்துக்குப் புகார்க் கடிதமும் எழுதினார். அனுப்புகிறேன் என்று வாங்கிக்கொண்டுபோன லோஷினியின் கைப்பையில் அது பத்திரமாக இருக்கிறது.

இதற்கிடையில் கிருஷ்ணம்மாவுக்கு ஒரு கவலை. பத்து பாகாட் ஊரில் இருக்கும் அவருடைய அக்கா குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு படுக்கையில் கிடக்கிறார். காரில் போனால் ஒரு மணி நேரம். பஸ்ஸில் போனால் போக வர ஒரு நாள் காலி, அதற்குமேல் முட்டிவலி. வீட்டில் கார் இருக்கிறது, ஊருக்கே லைசென்ஸ் வாங்கிக்கொடுத்த வாத்தியாரும் இருக்கிறார். "இந்தப் பாலத்தத் தாண்டிட்டு போலாம்லா," என்று வாத்தியார் சொல்லி இரண்டரை மாதம் ஆகிறது. அக்கா கண்ணை மூடுவதற்குள் பாலம் தாண்டப்படுமா என்பதுதான் கிருஷ்ணம்மாவின் கேள்வி. அதை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை.

கேட்காமல் செவ்வாயும் வெள்ளியும் காலையில் கோயிலுக்குப் போக ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம் கழித்து முகமெல்லாம் வியர்த்து வருவார். இந்த வயதில் இவ்வளவு பக்தியா என்று ராஜசேகரன் ஒரு தடவை யோசித்தார். அதற்குள் மீன் விழுந்துவிட்டதால் யோசனை தொடரவில்லை.

திங்கட்கிழமை காலை டிவியைப் போட்டால், மீன் ஒன்பதாவது லெவலில் நின்று புருவத்தை ஆட்டிக்கொண்டிருந்தது.

"யாரு தொட்டா இத?"

"நான்தான்." கிருஷ்ணம்மா சாப்பாட்டு மேசையில் கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "நீங்க நேத்து முடி வெட்டப் போனப்ப."

ராஜசேகரன் நம்பவில்லை. ஏழாவது லெவலுக்குத் திரும்பப் போய்க் கண்ட்ரோலரை நீட்டினார். கிருஷ்ணம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றபடியே வாங்கினார். சோபாவைச் சுற்றவில்லை, பிளக்கைப் பார்க்கவில்லை. மீன் ஓடியது, பலகைகள் பின்னால் விழுந்துகொண்டே வந்தன, கடைசிப் பலகையில் ஒரு தாவு. அக்கரை.

"நின்னாதான விழுது," என்றார். "கமலநாதன் அப்படித்தான் சொல்வாரு. மேட்டுல யோசிக்காதீங்க, ஏறிட்டு யோசிங்கன்னு."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

"எந்தக் கமலநாதன்?"

"டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்காரே, அவருதான்." இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. "ரெண்டு மாசமா செவ்வாயும் வெள்ளியும் போறேன். வர்ற வியாழன் டெஸ்டு."

"அவன் என்கிட்ட படிச்சவன். டெஸ்டுக்கு மேட்டுல ஏத்தறப்ப மூணு தடவ பின்னால உருண்டு பெயிலானவன்."

"அதனாலதான் மேட்ட நல்லா சொல்லிக் குடுக்கறாரு."

ராஜசேகரனுக்கு வலித்தது. எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத வலி. நாலாயிரம் பேரை ஓட்ட வைத்தவன் பெண்டாட்டி இன்னொருத்தன் வண்டியில் ஓட்டிப் பழகியிருக்கிறாள். ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? சிங்கப்பூரில் இருக்கிறவளுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். அவள் இந்த மீனை அப்பாவுக்காக வாங்கினாளா, அம்மாவுக்காக வாங்கினாளா என்பதே இப்போது சந்தேகமாகிவிட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். கல்யாணமான வருஷம் கேட்டேன், லோஷினி பொறந்தப்ப கேட்டேன், அக்கா விழுந்தப்ப கேட்டேன். உனக்கு எதுக்கு, நான் இருக்கேன்லான்னீங்க." கிருஷ்ணம்மா கண்ட்ரோலரைச் சோபாவின் மேல் வைத்தார். "இருந்தீங்க. இங்கதான்."

அதன்பின் இரண்டு நாளாக டிவி போடப்படவில்லை. ராஜசேகரன் சாப்பிட்டார், பேப்பர் படித்தார், காரைக் கழுவினார், மறுநாள் அதே காரை மறுபடியும் கழுவினார். போகாதே என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் கிருஷ்ணம்மாவுக்கு இருந்தது. சொன்னால் போகாமல் இருந்துவிடுவோமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கமலநாதனின் கார் வாசலில் வந்து நின்றது. ஹார்ன் அடிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. சாமி படத்தின் முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, அடையாளக் கார்டு பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வெளியே வந்த கிருஷ்ணம்மா, வழக்கம்போல் சிலிப்பரைக் காலால் தேடினார். சிலிப்பர் அங்கே இல்லை.

"சிலிப்பரோட போனா டெஸ்டுல ஏத்த மாட்டாங்க." ராஜசேகரன் பின்னால் நின்றிருந்தார். கையில் கிருஷ்ணம்மாவின் கான்வாஸ் சப்பாத்து. "அவன் சொல்லியிருக்க மாட்டான்."

அவன் சொல்லித்தான் இருந்தான். பதற்றத்தில் மறந்தது கிருஷ்ணம்மா.

ராஜசேகரன் கதவைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் முனக முனகப் படியில் உட்கார்ந்தார். கமலநாதன் காருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுச் சீனத்தி துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவர் இடது சப்பாத்தின் கயிற்றைத் தளர்த்தி, நாக்கை மேலே இழுத்துப் பிடித்து, மனைவி கால் நுழைக்கட்டும் என்று காத்திருந்தார்.