புள்ளி உங்கடது

"அறுபத்து நாலு. ஆறு, நாலு."

ஒவ்வொரு பரீட்சைப் புள்ளியையும் கைரியா இரண்டு முறை வாசிக்கிறார். முதலில் எண்ணாக, பிறகு தனித்தனி இலக்கமாக. எதிர் மேசையில் இருக்கும் சிங்களப் பெண் அதைத் தன் மொழியில் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பேரேட்டில் எழுத வேண்டும். சொல்லாமல் எழுதினால் வாசிப்பு நின்றுவிடும். கைரியா முகத்தைச் சுளிக்கமாட்டார், ஒன்றும் சொல்லமாட்டார். விரலைத் தாளில் அதே இடத்தில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்திருப்பார். அந்தப் பெண் சொல்லி முடித்ததும் விரல் அடுத்த வரிக்கு இறங்கும்.

கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டப்பின் படிப்புப் பிரிவில் இருபத்தொன்பது வருடமாக இந்த விரல் இறங்கிக்கொண்டிருக்கிறது. முதுமாணி, கலாநிதி என்று பட்டம் வாங்கிப் போன எத்தனையோ பேருடைய புள்ளிகள் அதைக் கடந்துதான் போயிருக்கின்றன. கைரியாவுக்குப் பட்டம் கிடையாது. உயர்தரப் பரீட்சையில் நாலு புள்ளி குறைந்து பல்கலைக்கழகத்துக்கு எடுபடவில்லை. அடுத்த வருடமே எழுதுவினைஞராக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவருடைய கண்டிப்புக்கு அதுதான் காரணம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே படித்த காலத்தில் அவரிடமே ஒருநாள் கேட்டேன். "அது அந்தக் காலம், கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படிவத்தில் என் பிறந்த திகதி பிழை என்றார்.

ஆள் குள்ளம். சேலை முந்தானையைத் தலைக்கு இழுத்து ஒரே ஊசியால் இறுக்கியிருப்பார். காலையில் கெலிஓயாவிலிருந்து வரும் பஸ்ஸில் முன்பக்கத்து மூன்றாம் ஆசனம் அவருடையது. கணவர் ஹபீல் கெலிஓயாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். அவர் வாரம் ஒருமுறை சமைக்கும் ஆணத்துக்கு மனைவி தரம் போடுவது அந்த வீட்டு வழக்கம். "நேத்து பி மைனஸ்தான் குடுத்தேன். உப்புல விட்டுட்டார்." இருபத்தைந்து வருடத்தில் ஒரேயொரு தடவை ஏ கிடைத்ததாக ஹபீலே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

என் ஆய்வுப் பதிவுப் படிவத்தை கைரியா இரண்டு தடவை திருப்பித் தந்தார். அப்போது எனக்கு அவர்மேல் கோபம்தான். பிறகு அங்கேயே விரிவுரையாளரான பின்னும் அந்தக் கோபம் முழுவதும் போகவில்லை. வீரய்யாவின் விஷயம் நடந்த பிறகுதான் போனது.

பிரிவிலிருந்த பழைய மாணவர் கோவைகளைக் கணினியில் ஏற்றும் வேலை நடந்த வருடம் அது. ஒரு புதன்கிழமை, எம். வீரய்யா என்பவரின் கோவையைத் திறந்த கைரியா அதற்குள் வேறொருவரின் கடிதம் இருப்பதைக் கண்டார். எழுதியிருந்தவர் எஸ். வீரய்யா, ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர். ஆறு வருடத்துக்கு முன் முதுமாணி வகுப்பில் படித்தவர். மண்சரிவில் வீதி மூடுண்டதால் புள்ளிவிபரவியல் பரீட்சைக்கு வர முடியவில்லை என்று கிராம சேவகரின் உறுதிப்படுத்தலோடு எழுதியிருந்தார். பீடம் அதை ஏற்றுக்கொண்டதாக ஓரத்தில் குறிப்பு இருந்தது. கடிதம் கிடைத்தது என்ற குறிப்புக்கு அடியில் கைரியாவின் சுருக்கொப்பம்.

அந்தப் பிரிவின் விதி இதுதான். தக்க காரணத்தோடு பரீட்சைக்கு வராதவர் அடுத்த தடவை எழுதினால் அது முதல் தடவையாகவே கொள்ளப்படும், எடுத்த புள்ளி முழுதாகச் சேரும். காரணம் இல்லாமல் வராதவர் இரண்டாம் தடவை எவ்வளவு எடுத்தாலும் சி தரம்தான். வீரய்யா இரண்டாம் தடவை அறுபத்தெட்டு எடுத்திருந்தார். அது பி பிளஸ். கடிதம் அவருடைய கோவையில் இல்லாததால் கைரியா சி என்று எழுதினார். பத்துப் பாடங்களின் சராசரி இரண்டு தசம் ஒன்பது ஏழுக்கு இறங்கியது. ஆய்வு வருடத்துக்குப் போக மூன்று வேண்டும். முதுமாணிப் பட்டம் இல்லாமல், வீரய்யாவின் கையில் வெறும் டிப்ளோமாச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கு வீரய்யா கவுன்டருக்கு வந்து நின்றது கைரியாவுக்கு நன்றாக நினைவிருந்தது. லீவுக் கடிதம் கொடுத்தேனே, இன்னொரு தடவை பாருங்கள் என்று கேட்டிருக்கிறார். "உங்கட பைல்ல இல்ல மகன். மூணுண்டா மூணுதான்" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

கைரியா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு உதவிப் பதிவாளர் மயில்வாகனத்தின் அறைக்குப் போனார். மயில்வாகனம் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். கடிதத்தைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பிரிவின் தலைமை எழுதுவினைஞர் பதவிக்கான நேர்முகம் அடுத்த மாதம் இருந்தது. கைரியாவுக்கே அது கிடைக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"ஆறு வருசம், கைரியா. ஆர் இனி இதைக் கேக்கப் போகினம்? மேன்முறையீட்டுக்கு மூண்டு மாசம்தானே தவணை. அது எப்பவோ முடிஞ்சுது."

"அந்தத் தவணை மாணவனுக்குச் சேர். கந்தோர் செஞ்ச பிழைய கந்தோர் திருத்துறதுக்குத் தவணை போடல்ல. நான் ரெண்டு தரம் வாசிச்சிப் பாத்துட்டேன்."

"உங்கட பேரை நீங்களே எழுதிக் குடுக்கப் போறியளோ?"

"என்ட ஒப்பம்தானே அதுல ஈக்கி."

வெள்ளிக்கிழமை பீடாதிபதிக்குக் கடிதம் போனது. நடந்ததை ஒரு பக்கத்தில், எங்கும் சாக்குச் சொல்லாமல் எழுதியிருந்தார். சனிக்கிழமை காலை கண்டியிலிருந்து மகியங்கனை பஸ் ஏறினார். கடை அலுவலை விட்டுவிட்டு ஹபீலும் கூடப் போனார்.

ஹுன்னஸ்கிரியவில் பாடசாலையை ஒட்டிய சின்ன வீட்டில் வீரய்யாவும் மனைவி இராஜகுமாரியும் இருந்தார்கள். கவுன்டர்ப் பெண்ணை வீரய்யா உடனே அடையாளம் கண்டுவிட்டார். கதிரை போட்டு உட்காரச் சொன்னார். கைரியா உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

வீரய்யா அந்தக் கதிரையைச் சுவரோரம் தள்ளி வைத்தார். பிறகு, "இன்னொரு தடவ பாருங்கன்னு அன்னைக்கே கேட்டேனே மிஸ்" என்றார்.

"கேட்டீங்க. உங்கட பைல மட்டும்தான் பாத்தேன். தேடல்ல."

"அம்மாவுக்குச் சொகமில்லாததால படிப்ப நிப்பாட்டிட்டேன்னுதான் இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். உயர்தர வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தேன். அதயும் விட்டுட்டேன். ஒரு பாடத்துல சி எடுத்தவன் எப்பிடிங்க மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறது?" குரல் உயரவில்லை. "எனக்கு மண்டையில இல்லன்னு நானே நம்பிட்டேன் மிஸ்."

ஹபீல் பின்னாளில் இதைச் சொன்னபோது, தன் மனைவி ஒருவர் முன் தலைகுனிந்து நின்றதை முதல்தடவையாக அன்றுதான் பார்த்ததாகக் கூறினார்.

தேநீர் கொண்டுவந்த இராஜகுமாரி, "அந்தச் சி இப்ப மாறுமா?" என்று கேட்டார்.

"மாத்தச் செல்லி எழுதிட்டேன்."

"எனக்கு வேணாம்" என்றார் வீரய்யா. "நாப்பத்திநாலு வயசாச்சு. இனி என்னத்தப் போய்ப் படிக்க?"

"படிக்கிறதும் படிக்காததும் உங்கட விருப்பம் மகன். நான் அதுக்கு ஒண்டும் செல்ல வரல்ல. ஆனா புள்ளி உங்கடது. அத நாங்க வச்சிக்கொள்ள ஏலா."

பீடச்சபை கூடியபோது நான் கடைசிக் கதிரையில் இருந்தேன். மூத்த பேராசிரியர் ஒருவர், இப்படி ஆறு வருடத்துக்கு முந்தியதை எல்லாம் கிளறினால் பட்டத்தின் தரம் என்னாகும் என்று கேட்டார். மூன்றுக்குக் கீழே எடுத்தவர்களெல்லாம் நாளைக்குக் கதவைத் தட்டுவார்கள் என்றார். சிலர் தலையாட்டினார்கள். விளக்கம் சொல்ல கைரியாவை அழைத்தார்கள். அந்த மண்டபத்துக்குள் அவர் பேசுவதற்காக வந்தது அதுவே முதல் தடவை.

"இவருக்குக் கூட்டிக் குடுங்கண்டு நான் கேக்கல்ல சேர். இவர் எடுத்தது அறுபத்தெட்டு. ஆறு, எட்டு. நாங்கதான் கொறச்சி எழுதினது. இவரோட படிச்சவங்கள்ல சராசரி மூணுக்குக் கொறஞ்சவங்க இன்னும் நாலு பேர். அவங்கட கோவையும், அதே பேர் உள்ளவங்கட கோவையும் எல்லாம் தேடிப் பாத்துட்டேன். அவங்கடது சரி. அவங்க வந்து கேட்டாலும் நான் இல்லண்டுதான் செல்லுவேன்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருத்தம் அன்றே ஏற்றுக்கொள்ளப்பட்டுப் பல்கலைக்கழக மூதவையின் ஒப்புதலுக்குப் போனது. வீரய்யாவின் சராசரி மூன்று தசம் ஒன்று. விரும்பினால் மூன்று மாதத்துக்குள் ஆய்வு வருடத்துக்குப் பதியலாம் என்று கடிதம் அனுப்பினார்கள்.

கைரியாவுக்கும் ஒரு கடிதம் வந்தது. கவனயீனத்துக்கான எச்சரிக்கை. தலைமை எழுதுவினைஞர் பதவி அவரைவிடப் பதினொரு வருடம் இளையவருக்குப் போனது. கைரியா அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார் என்று எழுத எனக்கு ஆசை. அப்படி நடக்கவில்லை. இரண்டு வாரம் யாருடனும் பேசாமல் இருந்தார், மதியச் சோற்றைத் தனியே தின்றார். வேலையில் மட்டும் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் வாரம் புதியவரிடம் போய், நோன்புப் பெருநாள் லீவுக்குத் தன் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார். அத்தோடு அது முடிந்தது.

வீரய்யாவிடமிருந்து இரண்டு மாதம் பதில் இல்லை. அந்த வாரங்களில் தபால் கட்டு வந்ததும் கைரியா எழுந்துபோய்த் தானே பிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். தொலைபேசி எடுத்து ஒரு சொல் சொல்லலாமே என்றேன். "கந்தோர் ஆள ஏத்தவும் கூடாது, எறக்கவும் கூடாது" என்றார். பத்தாம் வாரம் வீரய்யாவே வந்தார். இராஜகுமாரி பக்கத்தில் நின்றார். படிவத்தை நிரப்பியிருந்தது அவருடைய கையெழுத்து, ஒப்பம் மட்டும் வீரய்யாவுடையது.

இரண்டு வருடம் கழித்து வீரய்யா ஆய்வேட்டைக் கட்டிக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்தார். தோட்டப் பாடசாலைகளில் பிள்ளைகள் எந்த வகுப்பில் கணிதத்தைக் கைவிடுகிறார்கள் என்பது ஆய்வு. இடப்பக்க ஓரம் கால் அங்குலம் குறைந்திருந்தது. கைரியா மூன்று பிரதிகளையும் திருப்பித் தள்ளினார்.

"எனக்குமா மிஸ்?"

"உங்களுக்கும்தான்."

வீரய்யா சிரித்துவிட்டார். ஒருவரும் பார்க்காதபோது கைரியாவும் சிரித்தார். மறுநாள் ஓரம் சரியாக இருந்தது. பரீட்சகர்கள் இருவரும் ஏ கொடுத்தார்கள். இப்போது அவர் உயர்தர வகுப்புக்கு மறுபடியும் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

பட்டமளிப்பு அன்று கைரியாவுக்கு வாசலில் பெயர் சரிபார்க்கும் வேலை. அங்கியும் தோளில் பட்டத்துக்குரிய நிறத்தில் பட்டுத் துண்டும் அணிந்த வீரய்யா தன் தாய் சுப்பம்மாவைக் கைபிடித்து அழைத்து வந்தார். ஹுன்னஸ்கிரியவில் நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். ஆரஞ்சுச் சேலை, காதோரம் கனகாம்பரம்.

"அம்மா, இவங்கதான்..." என்று தொடங்கிய வீரய்யா, அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றார்.

"உங்கட மகன்ட புள்ளியத் தொலைச்சது நான்தான் அம்மா" என்றார் கைரியா.

சுப்பம்மாவுக்குக் காது மந்தம். அவர் கைரியாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நல்லா இருங்க தாயி, நல்லா இருங்க" என்றார். கைரியா மெதுவாகக் கைகளை விடுவித்துக்கொண்டு, வீரய்யாவின் தோளில் உட்புறம் வெளியே தெரியப் புரண்டு கிடந்த பட்டுத் துண்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்து, நிறம் தெரியும்படி திருப்பிவிட்டார்.