குருமலையில் சிறுத்தை இல்லை

குருமலையில் சிறுத்தை உண்டா இல்லையா என்று நானும் என் மனைவியின் அண்ணனும் எட்டு வருடமாகச் சண்டை போட்டிருக்கிறோம். எனக்குக் கோவில்பட்டியில் செல்போன் பழுது பார்க்கும் கடை. மச்சானுக்கு மலை அடிவாரத்தில் ஒரு வீடும் அறுபது வெள்ளாடுகளும். காட்டைப் பற்றி யாருக்கு அதிகம் தெரியும் என்று கேட்கவே வேண்டாம். ஆனாலும் லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை நான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் கறிச்சோறு சாப்பிடும்போது நான்தான் வம்புக்கு இழுப்பேன்.

"மச்சான், போன மாசம் காணாமப் போன கிடா மாயமாவா போச்சு? சிறுத்தைதான் அடிச்சிருக்கு."

"வெருகு தூக்கியிருக்கும் மாப்ள." காட்டுப்பூனையைத்தான் வெருகு என்பார்.

"பதினஞ்சு கிலோ கிடாவை வெருகு தூக்குமா?"

"அப்போ நாய்."

"நாய்னா குலைச்சிருக்கும்லா?"

"ஊமை நாயா இருக்கும். ஏட்டி, ஒம் புருஷனுக்கு இன்னும் ரெண்டு துண்டு வையி, வாய் அடங்கட்டும்" என்று தங்கையைக் கூப்பிடுவார். வீடே சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன கார்த்திகையில் நல்ல மழை. ஒரு ஞாயிறு காலை நானும் அவரோடு ஆடு மேய்க்கப் போனேன். சுற்றிலும் மக்காச்சோளமும் உளுந்தும் நின்ற நேரம். ஆடு ஒரு வாய் வைத்தாலும் ஊரில் சண்டை வந்துவிடும். அறுவடை முடிகிற வரைக்கும் அடிவாரத்துப் புதர்தான் அவற்றுக்குத் தீனி. கரிசல் மண் செருப்பில் அப்பி அப்பிக் கால் கனத்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு குட்டைக்கரைக்கு வந்து சேர்ந்தேன்.

ஈர மண்ணில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கால்தடம். நாய் என்றால் நகம் பதிந்திருக்கும். இதில் நகமே இல்லை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. எனக்குப் பாதி பயம், பாதி ஜெயித்துவிட்ட சந்தோஷம்.

"மச்சான், இங்கன வாங்க! இதுவும் வெருகா?"

வந்து குனிந்து பார்த்தார். நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தார். நான் போனை எடுப்பதற்குள் அறுபது ஆடுகளும் தண்ணீருக்குத் திரும்பி, கரையை மிதித்துக் கூழாக்கிவிட்டன.

"என்ன மச்சான் இப்படிப் பண்ணிட்டீங்க!" என்று கத்தினேன்.

"படம் எடுத்து என்ன செய்வீங்க? குரூப்ல போடுவீங்க. ஊரே பாக்கும். அப்புறம் ஃபாரஸ்ட்காரவ மலைப்பக்கம் ஆடு வரக் கூடாதும்பாவ. வெள்ளாமை வீடு சேருத வரைக்கும் இதுகளை நான் எங்கன கொண்டு போவேன்? எல்லாத்தையும் வித்துட்டு ஒங்க கடையில வந்து உக்காரவா?"

எட்டு வருடத்தில் இதை ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது.

சற்று நேரத்தில் அந்தப் பக்கமாக வனக்காவலர் ஒருவர் நடந்து வந்தார். என் கடைக்கு வருகிறவர்தான். சிறுத்தையைப் பற்றி அவரிடமும் அளந்திருக்கிறேன்.

"என்ன அண்ணாச்சி, ஒங்க சிறுத்தை ஆம்பிட்டுச்சா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கண் மட்டும் குட்டைக்கரையை மேய்ந்தது.

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிறுத்தையாவது ஒண்ணாவது! எல்லாம் வெருகுதான் சார். மச்சான் சொன்னதுதான் சரி" என்றேன்.

காவலர் போனதும் ஓர் உடைமரத்தடியில் உட்கார்ந்து மச்சான் தூக்குச்சட்டியைத் திறந்தார். முதலில் எனக்குத்தான் வைத்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நெருங்கி உட்கார்ந்தார்.

"மூணு தடவ பாத்திருக்கேன் மாப்ள. கடைசியா போன மாசம். அந்தப் பாறையில படுத்துக் கெடந்துச்சு. அது என்னையப் பாத்துச்சு, நான் அதைப் பாத்தேன். அம்புட்டு அழகு! வீட்ல அவகிட்டகூடச் சொல்லல. பயந்துபோயி என்னைய மலைக்கு விடமாட்டா. யார்ட்டயாவது சொல்லணும்னு நெஞ்சு கெடந்து அடிச்சுக்கிட்டுச்சு."

வால் எவ்வளவு நீளம், எப்படிக் கொட்டாவி விட்டது, எழுந்து எந்த இடுக்கில் இறங்கிப் போனது என்றெல்லாம் கையை விரித்து விரித்துச் சொன்னார். அந்த மனுஷன் மேல் எனக்கு எப்போதுமே பிரியம்தான். அன்றைக்கு அது இன்னும் கூடிப்போனது. அவர் சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.