கறுப்பில் கறுப்புப் பூ

சூடான வினைல் வாசனை... புது ஷவர் கர்ட்டனைப் பிரித்தால் வருமே, அதேதான். காலையில் கடைக்குள் நுழைந்ததும் முதலில் அதுதான் மூக்கில் ஏறும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. எனக்கு அப்போது பதினேழு. ஸ்கூலைப் பாதியில் விட்டிருந்தேன். வகுப்பில் எழுந்து பேசச் சொன்னால் குரலே வராது... அதை எழுத இன்னும் மனசு வரவில்லை. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோவில் அம்மாவுக்குத் தெரிந்த அங்கிள் ஒருவர் பேனர் அடிக்கும் கடை வைத்திருந்தார். அம்மா வேலைக்குப் போகும் வழியில் என்னை அங்கே இறக்கிவிடுவார். மெஷின் என்னைப் பேசச் சொல்லாது. எனக்கு அது பிடித்திருந்தது.

நானாக நோண்டிக் கற்றுக்கொண்டது கலர் ரீப்ளேஸ்மென்ட். ஸ்கிரீனில் ஒரு நிறத்தை கிளிக் செய்து, இது வரும் இடத்திலெல்லாம் அந்த நிறத்தை அடி என்று பிரிண்டிங் சாஃப்ட்வேரில் ஒரு ரூல் போட்டுவைப்பது. ஒரு ரெஸ்டாரன்டின் சிவப்பு எப்போதும் ஆரஞ்சாகவே வந்து கழுத்தறுக்கும். அதைச் சிவப்பாக வரவைத்ததுதான் என் முதல் ரூல். அன்று முழுக்க சந்தோஷமாகத் திரிந்தேன்.

அந்த வாரம் ஒரு அக்கா வந்தார். ஏழு மாசம். வளைகாப்பு பேனர். கறுப்பு கவுன் போட்டு வயிற்றில் கை வைத்து நிற்கும் போட்டோ, பக்கத்தில் அவர் கணவர்.

"இந்த கவுன் எங்கம்மா தச்சது. மதுரைலேர்ந்து அனுப்புனாங்க. விசா கெடைக்கல, அவங்களால வர முடியல. அதான் இந்த போட்டோவயே பெருசா போடச் சொன்னேன்."

என் ஸ்கிரீனில் பெரிதாக்கிக் காட்டினார். "இங்க பாரு... கறுப்புலயே கறுப்பு நூல்ல பூ. கிட்ட போனாதான் தெரியும்."

தெரிந்தது. இதழ் இதழாக.

மறுநாள் அவர் மாமியார் மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"வளைகாப்புக்குக் கறுப்பா? பாக்குறவங்க என்ன நெனப்பாங்க? பச்சையா மாத்திக் குடுங்க. வளையல் பச்சை."

கடைக்கு டிசைன் செய்து அனுப்புகிறவர் இந்தியாவில் இருந்தார். அங்கே அப்போது ராத்திரி, தூங்கிக்கொண்டிருந்தார். எங்கள் கையில் இருந்தது போட்டோ, எழுத்து எல்லாம் ஒன்றாக ஒட்டிய, பிரிக்க முடியாத ஒரே ஃபைல். அங்கிள் என்னைப் பார்த்தார். "நம்ம பாப்பா சாஃப்ட்வேர்லயே மாத்திரும்."

அந்த அண்ணனும் ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல், "அம்மா சொல்றபடி பண்ணிடுங்க அங்கிள். அவகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார்.

எனக்குக் காது சூடானது. "அக்காகிட்ட கேட்டீங்களா?" என்று கேட்டேன். கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன்... குரல் பாதிக்கு மேல் வரவில்லை.

"என்ன சொல்லுது பாப்பா?" என்றார் அந்த மாமியார் ஆன்ட்டி.

"ஒண்ணுமில்ல, சரிங்குது" என்றார் அங்கிள்.

சரி என்று நான் சொல்லவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

ரூல் போட்டேன். கறுப்புக்குப் பதில் பச்சை. சோதனைக்கு ஒரு துண்டு அடித்ததில் அண்ணனின் மீசையும் பச்சையாக வந்தது. ஆன்ட்டி சிரித்துவிட்டார். "இவன் என்ன, மூஞ்சில மொளப்பாரி வளத்திருக்கான்?" முடியில் கொஞ்சம் பழுப்பு கலந்திருந்ததால், பழுப்பு கலக்காத கறுப்பை மட்டும் எடு என்று ரூலை இறுக்கினேன். மீசை தப்பித்தது. கவுன் தப்பவில்லை. துணியும் கறுப்பு, நூலும் கறுப்பு... எல்லாமே ஒரே பச்சையாகிவிட்டது. மடிப்பு இல்லை, பூ இல்லை. பெயின்ட் அடித்த சுவர் மாதிரி இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ரூல் இல்லாமலும் ஒரு துண்டு அடித்தேன். அதில் ஒவ்வொரு இதழும் இருந்தது. இரண்டையும் அங்கிளிடம் காட்டினேன்.

"பத்தடி தள்ளி நின்னு பாக்குறவனுக்குப் பூவா தெரியப்போவுது? அடிம்மா."

பேனரை வாங்க அக்காதான் வந்தார். கவுன் பச்சையானது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது போல. பேனரைக் கொஞ்சம் பிரித்து, இடுப்புப் பக்கம் விரலால் தடவித் தேடினார்.

"பூ எங்க?"

அங்கிள் உடனே சொன்னார். "பெரிய பிரிண்ட்ல அதெல்லாம் வராதும்மா. மெஷின் அப்படி."

மெஷின் அப்படி இல்லை. வாய் பேசாத ஒன்றின் மேல் எவ்வளவு சுலபமாகப் பழியைப் போட்டார்... உள்ளே போய் அந்தக் கறுப்புத் துண்டை எடுத்துவந்து கவுன்டரில் விரித்து வைத்தேன்.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள் பில் மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இத நான் எடுத்துக்கவா?" என்று என்னைக் கேட்டார் அக்கா. அந்த விஷயத்தில் ஒருவர் இன்னொருவரைக் கேட்டுச் செய்தது அது ஒன்றுதான். தலையாட்டினேன். சுருட்டி ஹேண்ட்பேகில் வைத்துக்கொண்டார்.

வளைகாப்பில் அந்தப் பச்சைச் சுவர்தான் தொங்கியது. எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்களாம்.

அந்த ரூலை அங்கிள் அழிக்கவில்லை. அதற்கு 'மங்களம்' என்று பேர் வைத்து, விசேஷ பேனர் எது வந்தாலும் தானாக ஓடும்படி டிக் போட்டுவிட்டார். "நம்ம ஆளுங்க எப்படியும் இதத்தான் கேக்கப்போறாங்க." கேட்பதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது கடையில் புது மெஷின். சாஃப்ட்வேரும் புதுசு. அந்த ரூலை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்த டிக்கை எடுக்கிறேன். மறுநாள் வந்து பார்த்தால் திரும்பவும் இருக்கிறது. இதைப் பற்றி நானும் அவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த சாஃப்ட்வேரின் பட்டியலில் ஒரே ஒரு ரூல் இருந்த நாட்களை நினைத்துக்கொள்கிறேன்... ஒரு ரெஸ்டாரன்டின் சிவப்பு சிவப்பாக வர வேண்டும். மற்ற நிறமெல்லாம் அதுபாட்டுக்கு அதுவாக வந்துகொண்டிருந்தது.